ரவுட்டர் மாறியதால் சர்வரின் ஐபி முகவரியை மாற்றினேன். பிங் போகிறது, மற்றவை பாதிதான் வேலை செய்கின்றன

கொட்டகலை ஸ்டூடியோ:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பா ஒரு புகைப்பட ஸ்டூடியோ நடத்துகிறார். மேல்மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, பாடசாலை நிகழ்ச்சி என்று எடுத்த படங்களையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே வைத்துள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றில் சேமித்து வருகிறேன். அதில் உபுண்டு சர்வர் 22.04 ஓடுகிறது. ஸ்டூடியோவிலுள்ள விண்டோஸ் மடிக்கணினி சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் படங்களை அதில் சேர்க்கும். கொழும்பில் இருக்கும் தம்பி அங்கிருந்தபடியே ஆல்பம் வடிவமைப்பதற்காக நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் டாக்கரில், கோப்புகளை உலாவி வழியாகப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட்டும் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க் குளிரில் மின்விசிறிகூட அதிகம் சத்தம் போடாமல் மூன்று வருடங்கள் ஓடிய பெட்டி அது.

சித்திரை மாதத்துப் பிற்பகல் இடியைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கிய மின்னலில் ஏடிஎஸ்எல் ரவுட்டர் கருகிவிட்டது. நல்லவேளையாகச் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி இணைப்பு வேண்டாமென்று அப்பா சொல்லிவிட்டதால் 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கினோம். பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1, சர்வரின் நிலையான முகவரி 192.168.1.50. புதிய ரவுட்டரோ 192.168.8.1 இல் இருக்கிறது.

நான் செய்தது இதுதான். சர்வரில் திரையையும் விசைப்பலகையையும் மாட்டி, தற்காலிகமாக டிஹெச்சிபியை, அதாவது ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறையை, இயக்கினேன். ரவுட்டர் 192.168.8.105 என்ற முகவரியைக் கொடுத்தது. அதையே நிலையான முகவரியாக வைத்துக்கொள்ளலாம் என்று உபுண்டுவின் வலையமைப்பு அமைப்புகள் இருக்கும் நெட்பிளான் கோப்பில் பழைய வரிகளை மீண்டும் கொண்டுவந்து, முகவரியை மட்டும் மாற்றிச் சேமித்தேன்.

இப்போது மடிக்கணினியிலிருந்து பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே செல்லவும் முடிகிறது. ஆனால் சர்வரிலிருந்து இணையம் இல்லை. மென்பொருள் புதுப்பிப்பு ஒவ்வொரு முறையும் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. மறுபடி இயக்கும்போது வலையமைப்புக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி இரண்டு நிமிடங்கள் அப்படியே நிற்கிறது. மடிக்கணினியில் புதிய முகவரியைத் தட்டினாலும் பகிர்வுக் கோப்புறை நெடுநேரம் சுற்றிவிட்டுத் தோல்வியடைகிறது. நெக்ஸ்ட்கிளவுட்டின் 8080 போர்ட்டை (அந்தச் சேவைக்கான வாசல் எண்) திறந்தால் உடனடியாக இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. தம்பியால் கொழும்பிலிருந்து வரவே முடியவில்லை.

இவற்றையெல்லாம்விட விசித்திரமானது ஒன்று உண்டு. முதல் இரண்டு நாள்கள் எஸ்எஸ்ஹெச் சீராக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து மாலை ஏழு மணியளவில் இணைப்பு உறைந்துபோகிறது, காலையில் தானாகச் சரியாகிவிடுகிறது. வலையமைப்பு அட்டையும் மின்னலில் பாதிக்கப்பட்டிருக்குமோ?

பண்டாரவளை நிருவாகி:

அட்டையைக் கழற்ற அவசரப்பட வேண்டாம், தம்பி. காலையில் தானாகக் குணமாகும் வன்பொருள் கோளாறை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் ஒரே கோளாறு என்று நினைப்பது குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள். அவற்றைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலில் இணையம். சர்வரில் 'ஐபி ரூட்' கட்டளையைக் கொடுத்து, 'டிஃபால்ட்' என்ற சொல்லில் தொடங்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்பது என் ஊகம். முகவரியை மட்டும் மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நுழைவாயில் இன்னும் 192.168.1.1 என்றே கோப்பில் இருக்கிறது. உங்கள் சர்வர் இப்போது 192.168.8 என்ற தெருவில் குடியிருக்கிறது, ஆனால் வெளியே போகும் வாசல் பக்கத்துத் தெருவில் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறது. தன் தெருவில் இல்லாத நுழைவாயிலை லினக்ஸ் கர்னல் ஏற்காது; அந்த வழித்தடத்தைப் பதியாமலே விட்டுவிடும். அதனால்தான் வீட்டுக்குள் பிங் போகிறது, வெளியே எதுவும் போகவில்லை. தொடக்கத்தில் இரண்டு நிமிடம் நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: வலையமைப்பு முழுமையாக அமையும்வரை காத்திருக்கும் சேவைக்கு இயல்பாகக் கொடுக்கப்பட்ட அவகாசம் 120 வினாடிகள்.

இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முகவரியும் பழைய ரவுட்டருடையதாகவே இருக்கும், அதையும் மாற்றுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓர் எளிய சோதனை: இணையத்திலுள்ள 8.8.8.8 ஐ பிங் செய்யுங்கள். அது போனால் வழித்தடம் சரி, பெயர்தான் பிரச்சினை. அதுவும் போகாவிட்டால் டிஎன்எஸ்ஸைத் தொட்டுப் பயனில்லை.

கோப்பைத் திருத்தும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். பழைய பாணியில் 'கேட்வே4' என்று ஒரு வரி வைத்திருந்தால், அது கைவிடப்பட்ட முறை. வழித்தடப் பகுதியில் 'டிஃபால்ட்' இலக்குக்கு 192.168.8.1 வழியாகச் செல் என்று எழுதுவதே இப்போதைய முறை. யாமல் வடிவில் உள்ள இந்தக் கோப்பில் டேப் விசையைத் தொடவே கூடாது, இடைவெளி மட்டும்தான். எழுதி முடித்ததும் 'நெட்பிளான் அப்ளை' கொடுக்காமல் 'நெட்பிளான் டிரை' கொடுங்கள். 120 வினாடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவர்கள் தங்களைத் தாங்களே வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வெலிமடை வயர்மேன்:

இவ்வளவு தூரம் வந்த பிறகு சொல்வது உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். சர்வரைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, அதன் உள் முகவரியை 192.168.8.1 இலிருந்து 192.168.1.1 என்று மாற்றியிருந்தால், வீட்டிலுள்ள எல்லாமே பழைய ரவுட்டர் திரும்பி வந்துவிட்டதாகவே நினைத்திருக்கும். பெரும்பாலான 4ஜி ரவுட்டர்கள் இதை அனுமதிக்கின்றன. ஐந்து நிமிட வேலை.

பண்டாரவளை நிருவாகி:

உண்மைதான், முதல் நாளே கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் தம்பி ஏற்கனவே பாதிக் கிணறு தாண்டிவிட்டார். அத்துடன் 192.168.1 என்பது ஏராளமான ரவுட்டர்களில் இயல்பாகவே இருக்கும் எண். அவருடைய தம்பி கொழும்பில் தங்கியிருக்கும் போர்டிங்கிலும் அதே எண் இருந்து, பின்னர் இரு வீட்டு வலையமைப்பையும் விபிஎன் (இணையத்துக்குள் அமைக்கும் தனிப்பட்ட இணைப்பு) வழியாக இணைக்க நினைத்தால், ஒரே எண் இரண்டு பக்கமும் வந்து வழித்தடம் குழம்பிவிடும். அதனால் புதிய எண்ணிலேயே தொடரலாம் என்பது என் அபிப்பிராயம்.

கொட்டகலை ஸ்டூடியோ:

பண்டாரவளை அண்ணாவுக்கு நன்றி. நீங்கள் ஊகித்தது அப்படியே சரி. 'ஐபி ரூட்' கட்டளை இரண்டே வரிகளைத்தான் காட்டியது: ஒன்று 192.168.8.0/24 (192.168.8 இல் தொடங்கும் எல்லா முகவரிகளும்), மற்றொன்று டாக்கருடைய 172.17.0.0/16. 'டிஃபால்ட்' என்ற சொல்லே இல்லை. நுழைவாயிலையும் டிஎன்எஸ்ஸையும் மாற்றி 'நெட்பிளான் டிரை' கொடுத்தேன். முதல் முறை இடைவெளி ஒன்று குறைந்துபோய்ப் பிழை காட்டியது. இரண்டாம் முறை சரியானது. இணையம் வந்துவிட்டது, தொடக்கத் தாமதமும் போய்விட்டது. வயர்மேன் ஐயா சொன்னதைப் படித்ததும் எரிச்சல் அல்ல, சிரிப்புதான் வந்தது.

ஆனால் பகிர்வுக் கோப்புறையும் நெக்ஸ்ட்கிளவுட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒன்று நெடுநேரம் சுற்றுகிறது, மற்றொன்று உடனே மறுக்கிறது. நேற்று மாலையும் எஸ்எஸ்ஹெச் உறைந்தது.

பண்டாரவளை நிருவாகி:

நெடுநேரம் சுற்றுவதும் உடனே மறுப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நீங்கள் கவனித்து எழுதியது பாதி வேலையை முடித்துவிட்டது.

கதவைத் தட்டியதும் உள்ளிருந்து 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று குரல் வந்தால், வீடு வரை வழி இருக்கிறது, கேட்ட ஆள்தான் இல்லை என்று பொருள். அதுவே உடனடி மறுப்பு: பொதி சர்வரைச் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை. எவ்வளவு தட்டியும் சத்தமே இல்லாவிட்டால், வாசலில் யாரோ நின்று வருபவர்களைப் பேசாமல் திருப்பி அனுப்புகிறார்கள். அநேகமாக அது தீச்சுவர் (ஃபயர்வால்).

ஆகவே சாம்பாவுக்குத் தீச்சுவரைப் பாருங்கள். உபுண்டுவின் தீச்சுவரான யூஎஃப்டபிள்யூவின் நிலையை எண்களுடன் காட்டச் சொன்னால், சாம்பாவுக்கான 445 போர்ட்டுக்கு 192.168.1.0/24 இலிருந்து மட்டும் அனுமதி என்று ஒரு வரி இருக்கும் என நினைக்கிறேன். முன்பு நீங்கள் பொறுப்பாகப் பாதுகாப்புச் செய்திருக்கிறீர்கள். இப்போது உங்கள் சொந்த மடிக்கணினி 192.168.8 இலிருந்து வருவதால் அது அந்நியர் ஆகிவிட்டது. எஸ்எஸ்ஹெச்சுக்கு எங்கிருந்தும் வரலாம் என்று விட்டிருப்பதால்தான் அது மட்டும் வேலை செய்கிறது. சாம்பாவின் அமைப்புக் கோப்பிலும் 'ஹோஸ்ட்ஸ் அலவ்' என்ற வரியில் பழைய எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இரண்டு இடத்திலும் எழுதி வைப்பவர்கள் உண்டு.

நெக்ஸ்ட்கிளவுட்டுக்கு, டாக்கர் எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும் கம்போஸ் கோப்பைத் திறந்து, போர்ட் வரியில் 8080க்கு முன்னால் ஒரு ஐபி முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். 192.168.1.50 என்று எழுதியிருந்தால், இல்லாத முகவரியில் காத்திரு என்று டாக்கரைக் கேட்கிறீர்கள். அந்த முகவரியை ஒதுக்க முடியவில்லை என்று சொல்லிக் கன்டெய்னர் (டாக்கருக்குள் ஓடும் நெக்ஸ்ட்கிளவுட்) தொடங்காமலே நின்றிருக்கும். முகவரியை எடுத்துவிட்டுப் போர்ட் எண்ணை மட்டும் விட்டால் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிச் செல்லும். தீச்சுவர் காக்கிறது என்று நம்பி அங்கே வேறு எதையும் திறந்து விடாதீர்கள்.

அதைச் சரிசெய்ததும் நெக்ஸ்ட்கிளவுட் இன்னொரு கதவைச் சாத்தும். நம்பகமற்ற டொமைன் வழியாக வருகிறீர்கள் என்று ஒரு பக்கம் காட்டும். நெக்ஸ்ட்கிளவுட்டின் சொந்த கான்ஃபிக் கோப்பில் உள்ள நம்பகமான டொமைன்களின் பட்டியலில் பழைய முகவரி இருப்பதே காரணம். கம்போஸ் கோப்பில் மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். அங்கே கொடுக்கும் அந்த மதிப்பு முதன்முறை நிறுவும்போது மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும்.

மஸ்கெலியா ஐசிடி ஆசிரியர்:

மாலை ஏழு மணிப் புதிருக்கு யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். கேள்வியிலேயே விடை இருக்கிறது: 'ரவுட்டர் 192.168.8.105 என்ற முகவரியைக் கொடுத்தது, அதையே நிலையான முகவரியாக வைத்துக்கொண்டேன்'.

டிஹெச்சிபி தருவது வாடகை வீடு. ரவுட்டர் தன் பட்டியலில் 105 ஐ இந்தப் பெட்டிக்கு இத்தனை மணி நேரத்துக்குக் கொடுத்திருக்கிறேன் என்று குறித்துக்கொள்கிறது. பல வீட்டு ரவுட்டர்களில் அந்தக் காலம் 24 மணி நேரம். நீங்கள் நிலையான முகவரிக்கு மாறியதும் சர்வர் வாடகையைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. ரவுட்டரின் கணக்கில் தவணை முடிந்து 105 காலி. அதன்பின் வீட்டுக்குப் புதிதாக வந்த ஏதோ ஒரு கருவிக்கு அதைக் கொடுத்துவிட்டது. கொடுக்கும் முன் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று சில ரவுட்டர்கள் தட்டிப் பார்க்கும், எல்லாம் பார்ப்பதில்லை. ஆக, மாலையில் வீட்டுக்கு வந்து காலையில் வெளியே போகும் கருவி எது என்பதே கேள்வி.

இதை ஊகிக்க வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். காலையில் எல்லாம் சீராக இருக்கும்போது, விண்டோஸ் மடிக்கணினியின் கட்டளைத் திரையில் 'ஏஆர்பி' கட்டளையை அனைத்தையும் காட்டும் விருப்பத்துடன் கொடுத்து, 192.168.8.105க்கு எதிரே உள்ள மேக் முகவரியை (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் உறைந்ததும் அதையே மறுபடி செய்யுங்கள். இரண்டு தடவையும் ஒரே மேக் இருந்தால் நான் சொன்னது தவறு. வேறாக இருந்தால், முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். அவற்றில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த முகவரி அன்று, கருவி தானாக உருவாக்கிக்கொண்டது. 2019 இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் கைத்தொலைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் இப்படி ஒரு புனைமுகவரியை வைத்துக்கொள்கின்றன.

கொட்டகலை ஸ்டூடியோ:

சேர், பிடித்துவிட்டேன்.

காலையில் 105க்கு எதிரே இருந்த மேக் 70 என்று தொடங்கியது; சர்வரின் அட்டையில் உள்ளதும் அதுவே. மாலை ஆறே முக்காலிலிருந்து மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி தாண்டிச் சிறிது நேரத்தில் கீழே வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஹட்டனில் வேலை செய்யும் அக்கா பஸ்ஸை விட்டிறங்கி வந்து, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு மாடியேறினார். அவர் அறைக்குள் போவதற்குள் எஸ்எஸ்ஹெச் திரை நின்றுவிட்டது. மறுபடி பட்டியலைப் பார்த்தேன். 105க்கு எதிரே இருந்த மேக் இப்போது 56 என்று தொடங்கியது. இரண்டாவது எழுத்து 6. அக்காவின் தொலைபேசியை வாங்கி வைஃபையை அணைத்ததும் சிறிது நேரத்தில் திரை மீண்டும் அசைந்தது.

முதல் இரண்டு நாள்கள் ஏன் பிரச்சினை இல்லை என்பதும் புரிந்தது. புதிய வைஃபையின் கடவுச்சொல்லை அக்காவுக்கு மூன்றாம் நாள்தான் கொடுத்தேன். இரண்டு நாளாகத் தன் சொந்த டேட்டாவைச் செலவழிக்க வைத்தது போதாதென்று, தன்மீதே பழியைப் போடுகிறாயா என்று கேட்கிறார்.

சாம்பாவும் நெக்ஸ்ட்கிளவுட்டும் அண்ணா சொன்ன வரிசையிலேயே சரியாயின. தீச்சுவரில் அந்த வரி இருந்தது. கம்போஸ் கோப்பிலும் அந்த முகவரி இருந்தது. பிறகு நம்பகமற்ற டொமைன் பக்கமும் வந்தது. இப்போது 105 ஐ எப்படிக் காப்பாற்றுவது?

மஸ்கெலியா ஐசிடி ஆசிரியர்:

ரவுட்டரில் முகவரி ஒதுக்கீட்டுப் பகுதிக்குச் சென்று சர்வரின் மேக்கை 105 உடன் கட்டிவிடுங்கள். சர்வரை டிஹெச்சிபிக்கே மாற்றிவிடலாம். நுழைவாயிலும் டிஎன்எஸ்ஸும் தாமாக வந்து சேரும்.

பண்டாரவளை நிருவாகி:

சேரின் யோசனை ஒழுங்கானது, ஆனால் ஒதுக்கீடு ரவுட்டருக்குள் இருக்கிறது. அடுத்த சித்திரையில் அந்த ரவுட்டரும் கருகினால் ஒதுக்கீடும் அதனுடன் போய்விடும். ரவுட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வாடகைக்கு விடுகிறது என்று அதன் அமைப்புப் பக்கத்தில் பார்த்து, அதற்கு வெளியே உள்ள ஓர் எண்ணைச் சர்வரிலேயே எழுதி வைப்பது எனக்குப் பிடித்த முறை. உதாரணமாக 100 முதல் 200 வரை வாடகைக்கு விட்டால், 192.168.8.20 ஐ நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மறுபடியும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். தீச்சுவரில் முழு வலையமைப்பையும் எழுதியிருக்கிறீர்கள், கம்போஸில் முகவரியே இல்லை. எஞ்சியிருப்பது நம்பகமான டொமைன் பட்டியலும் மடிக்கணினியின் டிரைவ் இணைப்பும்தான்.

கொழும்பிலிருக்கும் தம்பியின் விடயம் வேறு. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான ஒன்றிலோ அல்லது 10 இலோ தொடங்கினால், உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். 100.64.0.0/10 என்ற அந்தத் தொகுதி 2012 இல் இதற்காகவே ஒதுக்கப்பட்டது. 4ஜி இணைப்புகளில் இது சாதாரணம். அந்த நிலையில், வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை அமைத்தாலும் பயனில்லை. மாறும் வெளி முகவரிக்கு ஒரு பெயர் தரும் டக்டிஎன்எஸ் போன்றவையும் உங்களுக்குச் சொந்தமில்லாத வாசலைத்தான் காட்டும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பு ஒன்றே வழி. விபிஎன் சேவையான டெயில்ஸ்கேலைச் சர்வரிலும் தம்பியின் கணினியிலும் நிறுவுவது எளிது. சொந்தமாகச் செய்ய விரும்பினால் சிறிய விபிஎஸ் (இணையத்திலுள்ள சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன்னை அமைக்கலாம். அப்போது வீட்டுச் சர்வரின் பக்கத்தில் இணைப்பை விழிப்பாக வைத்திருக்கும் கீப்அலைவ் மதிப்பை 25 வினாடிகளாக வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் சற்று நேரம் பேசாமல் இருந்ததும் நடுவழிக் கதவு மூடிக்கொள்ளும்.

கொட்டகலை ஸ்டூடியோ:

வெளி முகவரி 100.90 என்று தொடங்குகிறது, அண்ணா. டெயில்ஸ்கேலையே தேர்ந்தெடுத்தேன். அது கொடுத்த பெயரை நெக்ஸ்ட்கிளவுட்டின் பட்டியலில் சேர்த்தபின் நேற்றிரவு தம்பி உள்ளே வந்து, தலவாக்கலைக் கல்யாண ஆல்பத்தில் பாதியை முடித்துவிட்டான். 4ஜியில் படங்கள் மெதுவாகத்தான் போகின்றன, ஆகவே பெரிய கோப்புகளை இரவில் ஒத்திசைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சர்வர் இப்போது 192.168.8.20 இல் இருக்கிறது. எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். அக்காவின் தொலைபேசி 105 ஐயே வைத்துக்கொண்டது.